செடானா, எஸ்.யூ.வி.யா, சேசிஸ் வண்டியா? மதுரைச் சாலைக்குச் சொகுசுக் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ஜெட் 25 லட்சத்தைத் தாண்டியதும் பேச்சு மாறிவிடும். மைலேஜ் பின்னால் போய், எந்த லோகோ என்பது முன்னால் வந்து நிற்கும். லோகோ பம்பருக்கு மேலே இருக்கிறது. காசு போவதெல்லாம் பம்பருக்குக் கீழே. அதனால் இங்கே அடிப்பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறோம். புதிய வண்டி, செகண்ட் ஹேண்ட் இரண்டுக்கும் சேர்த்துத்தான் பதில்கள்.

பிளாட்ஃபார்ம், பிளாட்ஃபார்ம் என்கிறார்களே, அது என்ன?

தரைத்தகடு, இன்ஜின் உட்காரும் வாக்கு, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், உள்ளே ஓடும் மின் கட்டமைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் பிளாட்ஃபார்ம், அதாவது அடித்தளம். மேலே எந்த உடம்பை வேண்டுமானாலும் போர்த்தலாம். ஃபோக்ஸ்வேகன் குழுமம் 2012-இல் கொண்டுவந்த எம்.க்யூ.பி. என்ற பிளாட்ஃபார்மில் ஸ்கோடா ஆக்டேவியா, சூப்பர்ப், கோடியாக், ஃபோக்ஸ்வேகன் டிகுவான், ஆடி ஏ3, க்யூ3 எல்லாம் பிறந்தன. அதே குழுமத்தின் எம்.எல்.பி. இவோவில் ஆடி ஏ4, க்யூ5, க்யூ7 தொடங்கி போர்ஷே கயென், பென்ட்லி பென்டெய்கா, லம்போர்கினி உருஸ் வரை நிற்கின்றன.

அதாவது க்யூ3-க்கும் க்யூ5-க்கும் லோகோ ஒன்று, வம்சம் வேறு. க்யூ3-க்கு நெருங்கிய சொந்தம் ஆக்டேவியா. க்யூ5-க்கு நெருங்கிய சொந்தம் கயென். விலைப்பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் அண்ணன் தம்பி என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஷோரூமில் நின்றபடியே இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பானெட்டைத் திறங்கள். இன்ஜின் குறுக்கே படுத்திருந்தால் அது அடிப்படையில் முன்சக்கர வண்டி. நீளவாக்கில் இருந்தால் பெரும்பாலும் பின்சக்கர இழுவைக்காக வரைந்த வண்டி. மெர்சிடிஸில் ஏ-கிளாஸ் லிமொசின், ஜி.எல்.ஏ., ஜி.எல்.பி. குறுக்கே, சி-கிளாஸ், இ-கிளாஸ், ஜி.எல்.சி. நீளவாக்கில். பி.எம்.டபிள்யூவில் 2 சீரிஸ் கிரான் கூபே குறுக்கே; 3 சீரிஸ், 5 சீரிஸ், எக்ஸ்3, எக்ஸ்5 நீளவாக்கில்.

பானெட்டைத் திறக்க விடவில்லையா? பக்கவாட்டில் நின்று, முன்சக்கர வளைவுக்கும் முன்கதவின் விளிம்புக்கும் நடுவே கையை வையுங்கள். ஒரு சாணுக்குக் குறையாமல் இடம் இருந்தால் நீளவாக்கு இன்ஜின். நாலு விரல்கூட அடங்காமல் சக்கரம் கதவை ஒட்டி நின்றால் குறுக்கு இன்ஜின். விதிவிலக்கு இரண்டு. ஆடி ஏ4, ஏ6 வகையில் இன்ஜின் நீளவாக்கில் இருந்தாலும் அது முன் ஆக்சிலுக்கும் முன்னே துருத்திக்கொண்டு நிற்கும். வால்வோவில் எஸ்90, எக்ஸ்.சி.90 போன்ற பெரிய வண்டிகளில் அந்த இடைவெளி பெரிதாகத் தெரிந்தாலும் இன்ஜின் குறுக்கேதான்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். முதல் தலைமுறை எக்ஸ்1-இல் இன்ஜின் நீளவாக்கில் இருந்தது. 2015-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் குறுக்கே திரும்பிவிட்டது. ஒரே பெயர், வேறு வண்டி.

குறுக்கே இருந்தால் மட்டமா?

இல்லை. இடவசதி அதிகம், நடுத்தரையில் மேடு குறைவு, பின்சீட்டில் மூன்றாவது ஆள் காலை வைக்க முடியும். சூப்பர்பின் பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தவர் அதைவிட விலை கூடிய வண்டிகளில் ஏறினால் முகம் சுளிப்பார். நீளவாக்கு வண்டியில் எடை முன்னும் பின்னும் பிரியும், முன்சக்கரம் கூடுதலாகத் திரும்பும், ஸ்டீயரிங்கில் இழுப்புத் தெரியாது. மாசி வீதிகளில் யூ-டர்ன் அடிப்பவருக்கு அந்த வட்டம் பெரிய உதவி.

எங்கள் கணக்கில், 50 லட்சம் கொடுத்து ஹேட்ச்பேக் அடித்தளத்தில் நிற்கும் உயரமான வண்டியை வாங்குவதைவிட, அதே காசுக்கு மூன்று வயதான நீளவாக்கு செடான் நல்ல வியாபாரம். அக்கம்பக்கத்தில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உயரம் இருந்தால்தான் பெரிய கார் என்பது நம்மூர் வழக்கம்.

அடித்தளம் ஒன்றுதானே, விலை குறைந்ததையே வாங்கிவிடலாமே?

சில இடத்தில் தாராளமாக. டொயோட்டா கேம்ரியும் லெக்ஸஸ் இ.எஸ். 300எச்-சும் ஒரே அடித்தளம். வித்தியாசம் பெரும்பாலும் சத்தத்தடுப்பிலும் உள் அலங்காரத்திலும்.

ஆனால் டாடா ஹாரியரைப் பாருங்கள். அதன் ஒமேகா ஆர்க் அடித்தளம் லேண்ட் ரோவரின் டி8-லிருந்து வந்தது. அதே டி8-இல் வந்த டிஸ்கவரி ஸ்போர்ட்டுக்குப் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். ஹாரியருக்கு இரு சக்கரத்தையும் இணைக்கும் ட்விஸ்ட் பீம். மேடு பள்ளத்தில் ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கத்துக்கும் தெரியும். அடித்தளம் கேட்டாயிற்று என்று நிறுத்தாமல், "பின்னால் என்ன சஸ்பென்ஷன், எந்த கியர்பாக்ஸ்" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

வேகத்தடையில் செடான் அடி தட்டாதா?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி, பொதுச் சாலையில் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவாக இருக்க வேண்டும். நீள இ-கிளாஸ் (2017-இல் இங்கே வந்த தலைமுறை) வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) 3,079 மி.மீ. வண்டியின் நடுப்பகுதி மேட்டின் உச்சியில் நிற்கும்போது இரு சக்கரமும் உச்சியிலிருந்து சுமார் 154 செ.மீ. தள்ளி, அந்த வளைவின்மேலேயே நிற்கும். அங்கே மேடு உச்சியைவிட 7 செ.மீ. மட்டுமே தாழ்ந்திருக்கும். ஆகவே நடுவயிறு தட்டாமல் இருக்க 7 செ.மீ. இடைவெளி போதும். ஐந்து பேர் ஏறி 3 செ.மீ. அமுங்கினாலும் மீதம் இருக்கும்.

பிறகு ஏன் தட்டுகிறது? ஊருக்குள் போட்டிருப்பது விதிப்படி இல்லை. ஒரு மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்குத் தாரைக் குவித்தால் இரு சக்கரமும் சமதரையில் நிற்க, முழு 15 செ.மீ.யும் நடுவயிற்றுக்கு வந்துவிடும். மூன்று மீட்டர் வீல்பேஸ் செடானுக்கு மட்டுமல்ல, தாழ்வான எஸ்.யூ.வி.க்கும் அங்கே சேம்பர் (இன்ஜின் ஆயில் தொட்டி) உரசும்.

செய்ய வேண்டியது: குறுக்காக, சுமார் 30 பாகை சாய்த்து ஏறுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மேட்டில் இருப்பதால் அந்த மூலை தூக்கிக் கொடுக்கும். மேட்டின்மேல் பிரேக் அடிக்கக் கூடாது, முன்பக்கம் அமுங்கும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு உருள விடுங்கள். இத்தனைக்குப் பிறகும் உங்கள் தெருமுனை மேட்டில் தட்டுகிறதென்றால் அந்த செடான் உங்களுக்கில்லை. டெஸ்ட் டிரைவை பைபாஸ் ரோட்டில் ஓட்டிக் காட்டுவார்கள். உங்கள் வீட்டு வாசல் சரிவு வரை, பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போய் வாருங்கள்.

அடியில் கூடுதல் தகடு போடுவது, ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் திணிப்பது இரண்டும் வேண்டாம். ரப்பர் திணித்தால் ஸ்பிரிங் அந்த இடத்தில் வேலை செய்யாது. மீதிச் சுற்றுகள் சீக்கிரம் களைத்துப்போகும்.

எஸ்.யூ.வி. என்பதற்குச் சட்டப்படி வரையறை உண்டா?

வரிக்கு இருந்தது: நீளம் 4 மீட்டருக்கு மேல், இன்ஜின் 1,500 சி.சி.க்கு மேல், ஆளில்லாதபோது தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார் எல்லாவற்றுக்கும் ஒரே 40 சதவீத ஜி.எஸ்.டி. வந்துவிட்டதால் அந்த வித்தியாசம் போயிற்று. தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். அது செடானுக்கும் எஸ்.யூ.வி.க்கும் ஒன்றே.

ஃபார்ச்சூனர் மாதிரி சேசிஸ் வண்டி யாருக்கு?

மேலூர்ப் பக்கம் குவாரி, நத்தம் பக்கம் மாந்தோப்பு, பேரையூர்ப் பக்கம் கரிசல்காடு என்று வாரத்தில் மூன்று நாள் மண்பாதையில் இறங்குபவருக்கு. ஏணி மாதிரி இரண்டு நீள இரும்புச் சட்டம், அதற்கு மேல் தனியாக உடம்பு. பின்னால் ஒற்றை ஆக்சில். ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழுந்தால் முழு ஆக்சிலும் சாயும். அந்தக் குலுக்கலைச் சீட் மெத்தையால் மறைக்க முடியாது. விருதுநகர் வரை நாலுவழிச் சாலையில் போய்வந்தாலே பின்சீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

4x2 வாங்கிவிட்டு "எங்கேயும் போகும்" என்று நம்ப வேண்டாம். அது பின்சக்கர இழுவை மட்டும். மழை பெய்த கரிசலில், நெடுஞ்சாலை டயரின் பள்ளங்களில் மண் அப்பிக்கொண்டால், இரண்டு டன் வண்டி வழுக்கிக்கொண்டே உட்காரும். இறங்குவதாக இருந்தால் நாலுசக்கரமும் இழுக்கும் 4x4, மெதுவாகப் போகும்போது கூடுதல் இழுவை தரும் லோ ரேஞ்ச் கியரோடு. அத்தோடு மண்பாதைக்கும் ஏற்ற ஏ.டி. வகை டயர்.

ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் இதை வாங்குவது மறுவிற்பனை விலைக்காக. அது நியாயமான காரணம்தான். சொகுசுக்காக என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. செடானில் ஏறி இறங்குவது கஷ்டமா?

கஷ்டம். செடானில் சீட்டுக்குள் இறங்க வேண்டும். சேசிஸ் வண்டியில் படி வைத்து ஏற வேண்டும். சேலையோடும் வேட்டியோடும் இரண்டுமே சிரமம். க்யூ5, எக்ஸ்3, ஜி.எல்.சி., எக்ஸ்.சி.60 உயரத்தில் சீட் இடுப்புக்கு நேராக வரும். பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பினால் போதும். எங்கள் செடான் பிடிவாதம் இந்த இடத்தில் தோற்கிறது. வாங்கும் முன் அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப்போய் நான்கு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கீழ்விளிம்பு புடவையில் அழுக்குப் படும்படி துருத்துகிறதா என்பதையும் பாருங்கள்.

பெரிய அலாய் வீல் அழகாக இருக்கிறதே, எடுக்கலாமா?

டயரின் பக்கச்சுவர் உயரத்தைக் கணக்கிடுங்கள். 225/50 ஆர்17 என்றால் 225-இல் 50 சதவீதம், 112 மி.மீ. 245/40 ஆர்19 என்றால் 98. ஃபார்ச்சூனரின் 265/65 ஆர்17-இல் 172. குழியில் விழும்போது அலாய்க்கும் தாருக்கும் நடுவே இருப்பது இந்த ரப்பர் மட்டுமே. 98 மி.மீ. வண்டியில் 60 கி.மீ. வேகத்தில் ஒரு குழி விழுந்தால் டயர் பக்கச்சுவரில் முட்டை மாதிரி புடைப்பு வரும். உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கம்பெனியே அதே வண்டிக்குச் சிறிய வீல் கொடுத்திருந்தால் அதற்கு இறங்கிக்கொள்ளுங்கள். 3 சீரிஸில் 225/45 ஆர்18-க்குப் பதில் 225/50 ஆர்17 போட்டால் சுற்றளவு கிட்டத்தட்ட மாறாது, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. பிரேக் கேலிப்பர் இடிக்கிறதா என்று மட்டும் ஒரு வீலை மாட்டிச் சுற்றிப் பாருங்கள்.

ரன்-ஃபிளாட் டயர் காற்றில்லாமல் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் ஓடும். அதனால் பல பி.எம்.டபிள்யூவில் ஸ்டெப்னி கிடையாது. இராமேஸ்வரம் சாலையில் ராத்திரி பக்கச்சுவர் கிழிந்தால் அந்த 80 கி.மீ. கணக்கு செல்லாது. சாதாரண டயருக்கு மாறினால் பஞ்சர் கிட், சிறிய காற்று பம்ப் இரண்டும் டிக்கியில் இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்டில் எதை முதலில் பார்ப்பது?

குளிர்ந்த இன்ஜினை. முதல்நாளே சொல்லிவிடுங்கள்: "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

பி.எம்.டபிள்யூ 2 லிட்டர் டீசலில் 2007 முதல் சில ஆண்டுகள் வந்த என்47 இன்ஜினின் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. 320டி, 520டி, முதல் எக்ஸ்1 எல்லாவற்றிலும் இதுதான். ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளிலும் 1,500 ஆர்.பி.எம். வாக்கிலும் பின்பக்கமிருந்து சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் விலகிவிடுங்கள். செயினின் விலையைவிட அதை எட்டும் கூலி அதிகம். கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் கை போகாது.

ஃபோக்ஸ்வேகன் குழும வண்டியில் எந்த டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) என்று கேளுங்கள். டி.க்யூ.200 ஏழு கியர், உலர் கிளட்ச், 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும். கோரிப்பாளையம், சிம்மக்கல் மாதிரி ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் சூடாகும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறல், கியர் எழுத்து மினுக்குவது, திடீரென்று இழுவை போவது ஆகியவை அறிகுறி. கடைசியதற்குக் காரணம், கியரை மாற்றிக் கொடுக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டாக இருந்தால் பெரிய செலவு. டி.க்யூ.250, டி.க்யூ.381 இரண்டும் எண்ணெய்க்குள் இருக்கும் ஈர கிளட்ச்; வெயிலுக்கு இவை மேல். டி.க்யூ.250-இல் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும், டி.க்யூ.381-இல் கம்பெனி சொன்ன இடைவெளியில் ஆயிலும் மாற்றிய பில் இருக்கிறதா பாருங்கள்.

இசட்.எஃப். 8 கியர் ஆட்டோமேட்டிக்கில் "ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று கார் கம்பெனிகள் சொல்வதுண்டு. கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். சொல்வதோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டு. செய்தவன் பேச்சைக் கேளுங்கள். ஃபில்டர் பிளாஸ்டிக் தட்டோடு ஒட்டியே வருவதால் தட்டையே மாற்ற வேண்டும். அளவை, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் வெப்பத்தைக் கருவியில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். வடித்த அளவுக்கு ஊற்றிவிட்டேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் டேப் எடுத்துப் போங்கள். வீல் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையும் அளந்து குறித்து, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் மீண்டும் அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தக் காற்றுப்பையில் கசிவு. சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். கசிகிற பையை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும். அதனால் பையை விட்டுவிட்டு கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் அடுத்ததும் போகும். கம்ப்ரசரை மாற்றும்போது அதற்கு மின்சாரம் விடும் ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஃபோக்ஸ்வேகன் குழும வண்டியில் குறுக்கு இன்ஜினோடு நாலுசக்கர இழுவை என்றால், பின்சக்கரத்துக்கு இழுவையை இணைத்துவிட ஹால்டெக்ஸ் கிளட்ச் இருக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆயில். ஐந்தாம் தலைமுறையில் பம்பைக் கழற்றி அதன் வலையையும் கழுவ வேண்டும். வலை அடைத்தால் பம்ப் எரிந்து, வண்டி சத்தமில்லாமல் வெறும் முன்சக்கர வண்டியாகிவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2015-இலும் 2023-இலும் சென்னை, 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி, 2024 அக்டோபரில் நம்ம செல்லூர். இந்த ஊர் வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் இருக்கும் நுனியில் வண்டல் கோடு நிற்கும். சீட் தண்டவாளத் துரு, ஸ்டெப்னி குழியின் மூலை, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சின் ஈரம் ஆகியவற்றைப் பாருங்கள். ஜெர்மன் வண்டிகளில் சில கன்ட்ரோல் யூனிட்டுகள் காலடியிலும் டிக்கி ஓரத்திலும் இருக்கின்றன. இன்று ஓடும், பச்சை பூத்து ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகப் படுக்கும்.

டெல்லி வண்டி பாதி விலைக்கு வருகிறதே?

டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கு 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே டீசல் மலிந்தது அதனால்தான். விலையோடு சேர்க்க வேண்டியவை: படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), வங்கிக் கடன் இருந்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29-உம் 30-உம், புதிய எண்ணுக்கு 27, வயதுக்கேற்பக் குறைத்த தமிழ்நாட்டு ஆயுட்கால வரி, வண்டி கொண்டுவரும் லாரி வாடகை. 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் டி.என். 58, 59, 64 என உங்கள் பகுதி எண்ணுக்கு மாற்றியே ஆக வேண்டும். எல்லாம் கூட்டியபின் உள்ளூர் வண்டியைவிட 20 சதவீதமாவது குறையாவிட்டால் அலைச்சலுக்குத் தகாது.

டீசலா, பெட்ரோலா, ஹைபிரிட்டா?

தினமும் காளவாசல் முதல் மாட்டுத்தாவணி வரை மட்டும் என்றால் பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வேண்டாம். சைலன்சர் பாதையில் உள்ள டி.பி.எஃப். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கச் சுமார் 600 பாகை சூடு வேண்டும். ஊர்ந்து போனால் அது வராது. பாதியில் நின்றுபோன எரிப்பில் மிஞ்சும் டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும், டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம் (ஐடில்) வழக்கத்தைவிட உயர்ந்து, ஃபேன் இரைந்து, கருகல் வாடை வந்தால் எரிப்பு நடக்கிறது. அப்போது வண்டியை அணைக்காதீர்கள். வாரம் ஒருமுறை கப்பலூர் தாண்டி 20 நிமிடம் சீராக 70-80-இல் ஓட்டினால் பிரச்சினை இல்லை.

ஊருக்குள் ஓட்டத்துக்குக் கேம்ரி ஹைபிரிட் எங்கள் முதல் தேர்வு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்சீட்டின் அடியில் உள்ள துவாரம் வழியாகப் போகிறது. புதிதாகச் சீட் கவர் தைப்பவர் அதை மூடித் தைத்துவிடுவார். துண்டோ பையோ அங்கே அடைத்தாலும் பேட்டரி சூடாகும். உள்ளிருக்கும் வலையை ஆண்டுக்கு ஒருமுறை தூசி தட்டச் சொல்லுங்கள்.

கொடைக்கானல் இறங்கும்போது பிரேக் வாடை வருகிறது. கோளாறா?

ஓட்டும் முறை. 2,100 மீட்டர் உயரத்திலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது டி-யில் போட்டுக் காலைப் பிரேக்கிலேயே வைத்தால் எந்த வண்டியிலும் வரும், கனமான எஸ்.யூ.வி.யில் சீக்கிரம் வரும். மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ இறங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அந்தச் சூட்டில் கொதித்து பெடல் தரை வரை போகும்.

மதுரை வெயிலில் எது முதலில் போகும்?

கூலண்ட் பாதையின் பிளாஸ்டிக். தெர்மோஸ்டாட் கூடு, எக்ஸ்பான்ஷன் டேங்க், குழாய் இணைப்புகள். டேங்க் தையலோரம் வெள்ளைத் தடம் தெரிந்தால் கசிவு ஆரம்பம். கம்பெனி சொன்ன கூலண்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். நம்மூர் போர் தண்ணீர் உப்பு, ரேடியேட்டரில் படிந்துவிடும்.

வெளி மெக்கானிக்கிடம் விடலாமா?

விடலாம், அந்தக் கம்பெனிக்குரிய ஸ்கேனர் இருந்தால். எல்லா வண்டிக்கும் பொதுவான, கோளாறு படிக்கும் ஓ.பி.டி. கருவி இன்ஜினின் கோளாறு எண்களை மட்டும் காட்டும். ஏர் சஸ்பென்ஷனும் கியர்பாக்ஸும் அதற்குத் தெரியாது. சோதிக்க எளிய கேள்வி ஒன்று உண்டு: "பி.எம்.டபிள்யூவுக்குப் புது பேட்டரி மாட்டினால் வேறென்ன செய்வீர்கள்?" வண்டியின் கம்ப்யூட்டரில் புது பேட்டரியைப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரிக்குக் கொடுத்த சார்ஜையே புதியதற்கும் கொடுத்து அதைச் சீக்கிரம் கொன்றுவிடும் என்று சொல்கிறாரா பாருங்கள். "டெர்மினலை டைட் பண்ணுவோம் சார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பட்டறைக்கு நகருங்கள்.